வன்வட்டு மாற்றுமுன்

வீட்டுச் சேமிப்புப் பெட்டியில் இடம் போதாதெனின், அதிலுள்ள நான்கு வன்வட்டுகளையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பெரியனவற்றைப் பொருத்துதல் வழக்கம். ரெய்டு 5 அமைப்பு ஒரு வட்டின் இழப்பைத் தாங்குமேயன்றி இரண்டின் இழப்பைத் தாங்காது. முதல் வட்டைக் கழற்றுகையிலேயே அக்காவலை நாம் செலவழித்துவிடுகிறோம். எஞ்சிய மூன்றும் (அவையும் பழையனவே) முற்றும் படிக்கப்பட்ட பின்னரே புதியது நிரம்பும். பழையவை 8 டெராபைட்டாயின், நொடிக்கு 200 மெகாபைட் வீதம் ஓடினும் 11 மணி நேரத்திற்கு மேலாகும். அதுவும் நான்கு முறை!

“ரெய்டு இருக்கப் படியெதற்கு?” என்பாருமுளர். கைதவறி நாம் அழித்த கோப்பை அது எல்லா வட்டுகளினின்றும் ஒருங்கே அழித்துவிடுமென்பதை அவர் அறியார் போலும். படியெடுக்க வேறொரு வட்டு வாங்குதலை வீண்செலவென்று நாம் கருதோம். குடும்பப் படங்களை வெளிவட்டொன்றிற் பதித்து, சிலவற்றைத் திறந்து பார்த்த பின்னரே நாம் திருப்புளியைக் கையிலெடுத்தோம்.