மஞ்சள் பைக்கும் ஒரு க்யூஆர் கோட் வேணும்

இந்த வார எபிசோடில சென்சர்கள் பற்றிக் கதைச்சம். எனக்கு எங்கட குசினிதான் ஞாபகம் வந்தது. "நல்ல மஞ்சள் எண்டா பளிச்செண்டு இருக்கோணும்" எண்டு அம்மா சொல்லுவா. அந்தப் பளிச்சிலதான் சிக்கல். கிழங்குக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேட் பூசுகிற வியாபாரிகள் இருக்கிறார்கள். நாக்குக்கு அது தெரியாது.

வங்காளதேசத்தில் 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் பிடிபட்டது. அதிகாரிகள் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியோடு மொத்தச் சந்தைக்கே போனார்கள். பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி விடும், சில நிமிஷத்தில விடை. பிடிபட்டவர்களுக்கு அபராதம். 2021இல் அந்த 47 பூச்சியமானது. (ஆப் ஒண்டும் தேவைப்படேல்லை!)

நாங்கள் வாங்குற பையில் காலாவதித் திகதி இருக்கு, ஈய அளவு இல்லை. கலிபோர்னியாவில் குழந்தை உணவு தயாரிப்பவர்கள் ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் நாலுக்குமான சோதனை முடிவை 2025 முதல் இணையத்தில் போடவேண்டும் எண்டு சட்டம். மஞ்சளுக்கும் அதையே கேக்கிறன்: பையை ஸ்கேன் பண்ணினா முடிவு வரோணும்.

விலை கூடும் எண்டு கடைக்கார அண்ணை சொல்லுறார். கூடட்டும். ஈயம் கெடுக்கிறது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை. எங்கட வீட்டுப் பருப்பைத்தான் ரெண்டு வயது மருமகளும் சாப்பிடுறா.