தாளில் அடங்காத மூளை

காஞ்சிபுரத்துத் தறிகளில் மயில் உருவம் நெய்வதற்குத் துளையிட்ட அட்டைகளைக் கோத்து ஜக்கார்டுக் கருவியில் மாட்டுவர். ஓர் அட்டை, ஊடையின் ஒரு வரிசைக்குரிய குறிப்பை மட்டுமே தாங்கியிருக்கும். தனி அட்டையில் மயிலைக் காண இயலாது. அட்டைகள் அனைத்தும் முறைப்படி அடுத்தடுத்து வரும்போதுதான் சேலையில் மயில் தோகை விரிக்கிறது.

நம் பாடநூலில் உள்ள மூளைப்படமும் அத்தகைய ஓர் அட்டையே. அதனை வரைந்து, பெருமூளை, சிறுமூளை, முகுளம் எனப் பெயர் குறித்தால் மதிப்பெண் கிட்டும். ஆனால், நினைவாற்றலுக்குத் துணைபுரியும் ஹிப்போகேம்பஸ் எத்துணை ஆழத்தில், எப்பகுதிகளை ஒட்டி வளைந்து கிடக்கிறது என்பது அப்படத்தால் விளங்காது. இக்குறையை முப்பரிமாணக் கணினிப் படங்கள் நீக்கும்.

இதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே உள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மனித மூளையின் முப்பரிமாணப் படத்தொகுப்பைத் 'தரணி' என்னும் பெயரில் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. 5132 மூளை வெட்டுகளின் எண்ணிமப் படங்களைக் கொண்ட அத்தொகுப்பு, ஆய்வாளர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

திரையில் சுழலும் படத்தை வேடிக்கை பார்ப்பது கல்வியாகுமா என்று சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. கயிலாசநாதர் கோயிலின் கருவறையைச் சூழ்ந்த குறுகிய வழியில் தவழ்ந்து சென்றவருக்கே அதன் அமைப்பு மனத்தில் பதியும். வரைபடத்தைப் பார்த்தவருக்கு அவ்வாறு பதியாது. ஆகவே, மாணவரே படத்தைத் திருப்பவும், அடுக்கடுக்காகப் பிரிக்கவும், உள்ளிருப்பதை முன்னரே ஊகித்துச் சரிபார்க்கவும் வேண்டும். மருத்துவ மாணவருக்கோ, உடற்கொடையாகப் பெற்ற மெய்யான உடலைக் கையால் தொட்டுக் கற்பதற்கு ஈடு எதுவுமில்லை.

இவ்வறிவு மருத்துவராக விழைவோருக்கு மட்டும் உரியதன்று. மூளையின் இடப்பக்கத்தில் குருதியோட்டம் தடைப்பட்டால் உடலின் வலப்பக்கம் தளரும். இதனை அறிந்த பிள்ளை, திடீரென ஒரு கை சோர்ந்து வாய் கோணிய தந்தையை உறங்கச் சொல்லாமல், நொடியும் தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும். அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் உள்ளன. அவற்றில் வாரம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குதல் வேண்டும்.