தொக்வில் தயங்கிய இடம்

கல்லூரி நாட்களில் நான் தூக்கிக் கொண்டாடிய பெயர்களில் ஒன்று அலெக்சி தொக்வில். பிரபு வம்சத்தில் பிறந்தும், சமத்துவத்தின் வருகையை யாராலும் தடுக்க முடியாது என்று எழுதியவர். ‘தன் பிறப்பை மீறி யோசித்தவர்’ என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். பிறகு அவருடைய அரசியலைப் படித்தேன்.

1805இல் பாரிசில், நார்மண்டியின் பழைய பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். புரட்சியின்போது கொள்ளுத்தாத்தா மால்செர்ப் கில்லட்டினில் கொல்லப்பட்டார். சிறையிலிருந்த பெற்றோர், ரோபஸ்பியர் வீழ்ந்ததால்தான் உயிர் தப்பினார்கள். அந்த வீட்டுப் பிள்ளை பழைய காலத்துக்காக ஏங்கவில்லை. 25 வயதில் அமெரிக்கா போனார். 1835இல் ‘அமெரிக்காவில் ஜனநாயகம்’ நூலின் முதல் பகுதியை வெளியிட்டார். 1839இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். இதையெல்லாம் இன்றும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதே ஆண்டு, பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறையை ஒழிப்பது பற்றிய நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையை அவர்தான் எழுதினார். படிப்படியாக அல்ல, எல்லா அடிமைகளையும் ஒரே நேரத்தில் விடுவிக்க வேண்டும் என்றார். கைதட்டலாம். ஆனால் இழப்பீடு யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! 1843இல் எழுதிய கட்டுரைகளில் இன்னும் ஒருபடி போனார்: விடுதலையானவர்கள் சில காலம் நிலம் வாங்கக் கூடாது. கையில் நிலம் இருந்தால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிக்கு யார் வருவார்கள் என்பதுதான் கவலை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நிலத்துக்காக மனு எழுதி எழுதியே கிழவர்களானவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ‘நீ சுதந்திரமானவன், ஆனால் உனக்கு நிலம் கிடையாது’ என்பதன் பொருளை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அல்ஜீரியாவில் அந்தத் தயக்கம்கூட இல்லை. 1841இல் அங்கே போய்வந்து எழுதியதில், அரபு மக்களின் விளைச்சலைக் கொளுத்துவதையும் தானியக் கிடங்குகளைக் காலி செய்வதையும் போரின் வருந்தத்தக்க தேவைகள் என்று நியாயப்படுத்தினார்.

இந்தியாவைப் பற்றியும் 1840களில் ஒரு நூலுக்குக் குறிப்பெடுத்தார்; முடிக்கவில்லை. சாதியால் சிதறிக் கிடந்ததால்தான் இந்த நாடு எளிதில் அடிமைப்பட்டது என்பதைக் கண்டுகொண்டார். ஆனால் 1857இல் கலகம் வெடித்தபோது, ஆங்கிலேயர் வெல்ல வேண்டும் என்றே விரும்பினார். சாதி அவருக்கு ஆராய்ச்சிப் பொருள். அதில் நசுங்கும் மனிதர்கள் அரசியல் பொருளாகவில்லை.

‘அவர் காலம் அப்படி’ என்பார்கள். அதே பிரான்சில் விக்தர் ஷோல்ஷேர் இருந்தார். விடுதலைக்குப் பின்னும் கறுப்பின மக்களைக் கட்டிவைக்கும் ஏற்பாடுகளை எதிர்த்தார். 1848 ஏப்ரலில் அடிமை ஒழிப்பு ஆணையைக் கொண்டுவந்தார். காலம் இருவருக்கும் ஒன்றுதான்.

தோழர்களே, தொக்வில்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சமத்துவத்தைப் புரிந்துகொள்வது வேறு, அதற்காக இழக்கத் தயாராவது வேறு என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் இல்லை. ஆதிக்கச் சாதியில் பிறந்து நம் மேடைக்கு வந்து நம்மைவிட அழகாகப் பேசுகிறவர்களிடம் நான் இப்போது கேட்பது ஒரே கேள்விதான்: நிலம் பற்றிப் பேச்சு வரும்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்?