திரையும் இல்லமும்: உள்ளேயிருந்து வந்த அழைப்பு



சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆம்பூரை அடுத்த சிற்றூருக்குச் சென்றிருந்தோம். பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நமது பக்கத்தைத் தவறாது படித்துவரும் தாய் ஒருவர் நம்மை நிறுத்தினார். அவர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்பவர். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால், ஓவர்டைம் உள்ள நாட்களில் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகும். கணவருக்குத் தோல் ஷாப்பில் வேலை. அங்கும் ஷிப்டு மாறி மாறி வரும். பள்ளி விட்டது முதல் தாய் திரும்பும்வரை இரு தம்பியரையும் காத்துக்கொள்வது பதின்மூன்று வயது மூத்த மகளின் பொறுப்பு.

“ஐயா, பெரியவள் பத்து நாட்களாகச் சாயங்காலம் வீட்டில் இருக்கவே அஞ்சுகிறாள். விளக்கை அணைக்க விடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து செல்போனில் ஏதோ ஆங்கிலப் படம் பார்த்தாளாம். இப்படிப்பட்ட படங்களைப் பிள்ளைகள் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று நீங்கள் எழுத வேண்டும்” என்றார் அத்தாய்.

எழுதுவதாக வாக்களித்தோம். அதனை இம்மாதம் நிறைவேற்றுகிறோம். ஆயினும், அத்தாய் கேட்டவண்ணமே எழுத இயலாமற் போனமைக்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அச்சிறுமி பார்த்தது 1979ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்’ என்னும் படம். இயக்கியவர் ஃபிரெட் வால்டன். அந்நாட்டில் பெற்றோர் இரவு விருந்துக்குச் செல்லும்போது, அயல்வீட்டுப் பள்ளி மாணவி ஒருத்தியை மணிக்கணக்கில் கூலி கொடுத்துக் குழந்தைகளுக்குத் துணையாக வைத்துச் செல்வது வழக்கம். படத்தில் கேரல் கேன் என்னும் நடிகை அத்தகைய மாணவியாக வருகிறார். மருத்துவர் ஒருவரின் பெரிய வீடு. மாடியில் குழந்தைகள் உறங்குகின்றனர். கீழே அவள் தனியே படித்துக்கொண்டிருக்கிறாள். தொலைபேசி மணி ஒலிக்கிறது. குழந்தைகளைப் போய்ப் பார்த்தாயா என்று ஒரு குரல் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது. மீண்டும் மணி, மீண்டும் அதே கேள்வி. அவள் போலீசாரிடம் முறையிடுகிறாள். அவர்கள் அழைப்பின் மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்து அவளிடம் அலறுகின்றனர்: அழைப்புகள் அந்த வீட்டிற்குள்ளிருந்தே வருகின்றன!

இவ்வளவும் படத்தின் முதல் இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. இப்பகுதியில் கத்தியும் இரத்தமும் காட்டி நம்மை நடுங்கச் செய்யவில்லை. ஒரு தொலைபேசி, ஒரு மாடிப்படி, ஒரு பெண்ணின் முகம், நீண்ட அமைதி ஆகிய இவையே போதுமாயின. இக்கதை படத்திற்கு முன்னரே அமெரிக்க இளைஞரிடையே வாய்மொழியாக உலவி வந்தது. 1950ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில், அயலார் குழந்தையைக் காத்திருந்த பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட உண்மை நிகழ்ச்சியோடு இதனைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. இதே கருத்தில், இதற்கு ஓராண்டு முன்பு, 1978இல், ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ வந்து பெரும் பொருள் ஈட்டியது. அதே 1978இல்தான் தமிழிலும் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்து நம் மக்களை அச்சுறுத்தியது என்பது நினைவுகூரத் தக்கது.

திகில் படம் என்றாலே தீயது என்று ஒதுக்கிவிட நாம் துணியவில்லை. இத்துறையின் பேராசானாகக் கருதப்படும் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், இலண்டனில் இயேசு சபையார் நடத்திய பள்ளியில் பயின்றவர். அவர் கூறிய விளக்கம் ஒன்று புகழ்பெற்றது. மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு திடீரென வெடித்தால் பார்ப்போர் சில வினாடிகள் திடுக்கிடுவர். ஆனால், குண்டு இருப்பதை அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், பதினைந்து நிமிடம் தவிப்பர். மேசையைச் சுற்றி இருப்போரை எச்சரிக்க வேண்டும் என அவர்கள் மனம் துடிக்கும். பிறர் பொருட்டுத் துடிக்கும் அந்த மனம் நல்ல மனமன்றோ?

நம் எஸ். பாலசந்தர் 1964இல் எடுத்த ‘பொம்மை’ இம்முறையைப் பின்பற்றியதே. ஒருவரைக் கொல்வதற்காகப் பொம்மைக்குள் வைத்த வெடிகுண்டு, இலக்குத் தவறிச் சென்னை நகரில் கைமாறிக் கைமாறிச் செல்லும். ஹிட்ச்காக்கின் 1936ஆம் ஆண்டுப் படமாகிய ‘சபோட்டாஜ்’ஜில் ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவன் குண்டைச் சுமந்து செல்கிறான், அது பஸ்ஸில் வெடித்து அவன் மாள்கிறான். அவ்வாறு வெடிக்கவிட்டது தவறு என்று பிற்காலத்தில் ஹிட்ச்காக்கே ஒப்புக்கொண்டார். குழந்தையின் உயிரைக் கதையின் சுவைக்கு விலையாக்கலாகாது என்பது அவர் காலம் கடந்து கற்ற பாடம். நாம் பேசும் 1979ஆம் ஆண்டுப் படத்திலோ மாடியில் உறங்கிய குழந்தைகள் உயிருடன் மீளவில்லை. இதனைப் பதின்மூன்று வயதுச் சிறுமி, தம்பியர் இருவர் பக்கத்தில் உறங்க, கையகலச் செல்போனில் பெரியோர் துணையின்றிப் பார்த்தாள். திரையரங்கிலாவது வாயிற்காவலர் உண்டு. தணிக்கைச் சான்றும் உண்டு. செல்போனுக்கு வாயிலும் இல்லை, காவலும் இல்லை. இவ்வளவில் அத்தாயின் முறையீடு நியாயமானதே.

ஆயினும், தமிழர் இல்லத்தையே களமாகக் கொண்ட மற்றொரு படத்தையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். அருண் வைத்தியநாதன் இயக்கி 2009இல் வெளிவந்த ‘அச்சமுண்டு அச்சமுண்டு’ அது. பாரதியாரின் புகழ்பெற்ற வாசகத்தைத் திருப்பிப் போட்ட தலைப்பு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வாழும் தமிழ்த் தம்பதியராகப் பிரசன்னாவும் சிநேகாவும் நடித்தனர். அவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் ஏதோ சரியில்லை என்று தாயின் உள்ளம் அஞ்சுகிறது. கணவனோ அதனை வீண் பயம் என்று தள்ளிவிடுகிறான். வந்த ஆபத்து பேயன்று, பிசாசுமன்று. வீட்டிற்கு வண்ணம் பூச அவர்களே அழைத்துவந்து, சாவி திறந்துவிட்ட மனிதன்தான் அவன். குழந்தைகளைப் பாலியல் இச்சைக்கு இரையாக்கும் அம்மனிதனாக ஜான் ஷே என்னும் அமெரிக்க நடிகர் நடித்தார். தமிழ்த் திரை அந்நாள்வரை வாய்திறந்து பேசத் தயங்கிய பொருளை இப்படம் பேசியது.

இவ்விரு படங்களும் சொல்வது ஒன்றே. நாம் கதவைத் தாழிட்டுத் தெருவைப் பார்த்து அஞ்சுகிறோம். ஆபத்தோ தாழிட்ட கதவுக்கு இப்புறம் இருக்கக்கூடும்.

இது கற்பனையா? மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்பத்திற்கு ஆளானதாகக் கூறிய குழந்தைகள் நூற்றுக்கு 53 பேர். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரிய நிலையில் இருந்தவர்கள். வேலியே பயிரை மேய்ந்தாற்போல் என்று நம் முன்னோர் கூறியது வீண்போகவில்லை. திருச்சபையும் இதனை வேதனையோடு கற்றுக்கொண்டது. சிறாரின் பாதுகாப்புக்கெனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் தனி ஆணையம் ஒன்றை அமைக்க நேர்ந்தது அதனால்தான். வீடு, பள்ளி, கோவில் என்ற பெயர் மட்டும் எந்தக் குழந்தைக்கும் காவலாகிவிடாது.

இனி, அத்தாயின் கதைக்குத் திரும்புவோம். அன்று நாம் அவருக்குச் சொன்னது ஒன்றே: “மகளைக் கண்டிப்பதற்கு முன், அப்படத்தில் எது உன்னைப் பயமுறுத்திற்று என்று கேளுங்கள் அம்மா. கேட்டுவிட்டுப் பேசாதிருங்கள்.” இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். முகம் வாடியிருந்தது. இந்நிகழ்ச்சியை அவருடைய இசைவுடன், எவரும் அடையாளம் காண இயலாதவாறு எழுதுகிறோம்.

மகள் முதலில், “அந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தானே, அம்மா” என்று மட்டும் கூறினாளாம். பின்னர் நெடுநேரம் மௌனம். அதன்பின், குடும்பத்திற்கு நன்கு தெரிந்த ஒருவர், பெரியோர் இல்லாத மாலை வேளையில் அடிக்கடி வந்து அமர்வதையும், தம்பியரைக் கடைக்கு அனுப்பச் சொல்வதையும், அம்மாவிடம் சொல்லாதே என்று பணம் கொடுக்க வந்ததையும் சொல்லியிருக்கிறாள். அவள் தம்பியரை அனுப்பவில்லை, பணத்தையும் வாங்கவில்லை. ஆனால், யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு மாதம் சுமந்திருக்கிறாள்.

“ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்துவிட்டது ஐயா. அடக்கிக்கொண்டேன். நான் எட்டு மணிக்கு வந்து சோறாக்குவேன், தூங்கிவிடுவேன். அவள் எப்போது சொல்லியிருப்பாள்?” என்றார் தாய். நாம் பதில் கூற இயலாது நின்றோம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி அச்சிறுமியின் பயத்தைத் தள்ளியிருந்தால் என்னவாகியிருக்கும்? அந்தப் படம் அவளுக்குப் பயத்தைக் கொடுக்கவில்லை. அவளிடம் முன்னரே இருந்த பயத்திற்கு ஓர் உருவம் கொடுத்தது. படத்தை மட்டும் தடை செய்திருந்தால், பயம் அப்படியே இருந்திருக்கும். சொல் மட்டும் பறிபோயிருக்கும். ஆகவேதான் அத்தாய் கேட்டபடியே எழுத நம்மால் இயலவில்லை.

பின்னர் நடந்தது இதுதான். தந்தை அம்மனிதரை இனி வீட்டு வாயிலை மிதிக்கலாகாது என்று கண்டித்தார். குழந்தைகள் உதவி எண்ணாகிய 1098க்குத் தாயே பேசினார். கட்டணமில்லா எண் அது. இரவும் பகலும் பேசலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றம் நடந்த பின்னர் மட்டுமன்று, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருப்பினும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடுவதையும் அச்சட்டம் தடுக்கிறது. ஆகவே, குடும்ப மானம் போய்விடும் என்று கருதி மூடி மறைக்க வேண்டிய தேவையில்லை.

பெற்றோர்களே, நம் பகுதியில் இத்தகைய வீடுகள் எத்தனை! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கணும் தாய்மாரின் கைகளே உலகின் கால்களுக்குச் செருப்பணிவிக்கின்றன. வெளிநாட்டுப் பெண் பிள்ளை சில மணி நேரம் கூலிக்குச் செய்த காவலை, நம் மூத்த பெண்கள் நாள்தோறும் கூலியின்றிச் செய்கின்றனர். அவர்களும் குழந்தைகளே என்பதை நாம் மறந்துவிட்டோம். தம்பியைக் காக்கும் அக்காவை யார் காப்பது?

தாய்மாரைக் குறை கூறுவது எளிது, அது நீதியன்று. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 2017இல் மகப்பேற்று நலச் சட்டத் திருத்தமும், பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் ஐம்பது தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கடமையாக்கின. இதனைக் கேட்டுப் பெறுவது சலுகையன்று, உரிமை. ஆயினும், பள்ளி விட்டபின் மாலை நான்கு முதல் எட்டு வரை, ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளை இச்சட்டங்கள் காப்பதில்லை. அந்த நான்கு மணி நேரத்தை நாமே நிரப்ப வேண்டும்.

அச்சிற்றூரில் அதனைத் தொடங்கிவிட்டனர். நான்கு வீட்டுப் பிள்ளைகள் மாலையில் ஒரே வீட்டுத் திண்ணையில் கூடுகின்றனர். வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேற்பாகத்தைக் கைத்தையல் போடும் பாட்டி ஒருவர் அங்கு அமர்ந்திருக்கிறார். நான்கு வீட்டாரும் சேர்ந்து அவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை தருகின்றனர். கதவு திறந்தே இருக்கிறது; தெருவிளக்கு எரிகிறது. பிள்ளைகள் பாடம் படிக்கின்றனர். பாட்டியின் ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. ஆயினும், அச்சிறுமி இப்பொழுது விளக்கை அணைத்துவிட்டு உறங்குகிறாள் என்று அறிகிறோம்.

அஞ்சத்தக்கது எது, தகாதது எது என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுவது பெற்றோர் கடன். அதற்கு முதற்படி, அவர்கள் சொல்வதைக் கேட்பது. இன்றிரவு எத்தனை களைப்பாயினும், சோறு பரிமாறும் வேளையில் ஐந்து நிமிடம் செல்போனை அப்புறம் வைத்துவிட்டு, மூத்த பிள்ளையை அருகில் அமர்த்திக் கேளுங்கள்: “இன்று வீட்டுக்கு யார் வந்தார்கள்?”

படத்தில் அக்கேள்வியைக் கேட்டவன் கொடியவன். நம் வீடுகளில் அதனைக் கேட்க வேண்டியவர் நாம்: குழந்தைகளைப் பார்த்தாயா?