சுவரின் மறுபக்கம்

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் பழைய வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியே நிற்கின்றன. நடுவில் ஒரு சுவர்தான். அங்கே ஒரு மாடி அறையில் யாராவது பிட்காயின் மைனர் ஓட்டினால், பக்கத்து வீட்டு ரிசீவருக்கும் அதற்கும் இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம்.

சாதனங்களை அளக்கும் நம் ரேடியோ உமிழ்வு வரம்புகள் எழுதப்பட்ட கணக்கு வேறு. சிஸ்பர் 32 தரத்தின் வகுப்பு பி (வீட்டுச் சாதனம்), 10 மீட்டரில் 230 மெகாஹெர்ட்ஸ் வரை 30 டெசிபெல் மைக்ரோவோல்ட்/மீட்டர், அதற்கு மேல் 37 என்கிறது. அண்டை வீட்டுக்காரர் பத்து மீட்டர் தள்ளி இருக்கிறார் என்பது அதன் நம்பிக்கை. ஒரு மீட்டருக்கு வந்தால் தோராயமாக 20 டெசிபெல் ஏறும். தாழ்ந்த அதிர்வெண்களில் அந்தக் கணக்கும் செல்லாது. குடியிருப்பு அல்லாத இடங்களுக்கான வகுப்பு ஏ சாதனத்தை வீட்டில் வைத்தால் மேலும் 10 டெசிபெல்.

புரூக்ளின் வழக்கை நம்மில் பலர் படித்திருப்போம். 700 மெகாஹெர்ட்ஸில் இடையூறு என்று டி-மொபைல் புகார் செய்ய, 2017 நவம்பர் 30 அன்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் அதிகாரி திசை பார்த்துத் தேடி ஒரு வீட்டில் போய் நின்றார். உள்ளே ஓடியது ஆன்ட்மைனர் எஸ்5 என்ற பிட்காயின் மைனர். அணைத்ததும் இடையூறு நின்றது. 2018 பிப்ரவரி 15 தேதியிட்ட நோட்டீஸ், மாடல், வரிசை எண், இணக்க முத்திரை எல்லாவற்றையும் கேட்டது.

எஸ்5-இன் வழக்கமான கிளாக் 350 மெகாஹெர்ட்ஸ். இரண்டால் பெருக்கிப் பாருங்கள். சீரான சதுர அலையில் இரட்டை ஹார்மோனிக் வராதே என்பீர்கள். உண்மையான போர்டில் எந்தச் சதுரம் சீராக இருக்கிறது? காரணம் இதுதான் என்று நோட்டீஸ் சொல்லவில்லை, என் ஊகம். ஆனால் அந்த மாடல் பவர் சப்ளை இல்லாமல் விற்கப்பட்டது என்பது ஊகமல்ல. வாங்கியவர் கையில் கிடைத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டுவார், கிளாக்கை ஏற்றுவார். அந்தச் சேர்க்கையை எந்தச் சோதனைக்கூடமும் பார்த்ததில்லை. "பவர் சப்ளைக்கு சர்டிபிகேட் இருக்கிறதே" என்பவரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஜியோ 2022 ஏலத்தில் எடுத்தது. என்28 பட்டையில் கைபேசி கோபுரத்தோடு பேசுவது 703–748 மெகாஹெர்ட்ஸில். கோபுரத்துக்கு வந்து சேரும் அந்த மெல்லிய சிக்னலின் மேல்தான் இரைச்சல் விழும். இதை நம் கட்டாயப் பதிவும் பிடிக்காது: பி.ஐ.எஸ். பதிவில் கணினிக்குப் பார்க்கப்படும் ஐ.எஸ். 13252 பாதுகாப்புத் தரம். ரேடியோ உமிழ்வு அதில் வராது.

ஆகவே மைனர் ஒன்று நம் மேசைக்கு வந்தால், அது ஓடப்போகும் அதே பவர் சப்ளை, அதே கேபிள், அதே கிளாக்கோடு அளந்து, அறிக்கையில் ஒரு மீட்டர் அளவையும் தனி வரியாக எழுதலாம். தரம் அதைக் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பார்.