ஸ்கூட்டருக்கு விசா கிடைக்குமா?

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்னென்னவோ கொண்டு வருகிறார்கள். சென்ட் பாட்டில், சாக்லேட், முகம் பார்க்கும் கண்ணாடி அளவுக்கு செல்போன். சில பேர் மருமகளையே கொண்டு வந்து இறக்குகிறார்கள். ஊர் நாலு நாள் பேசிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. ஆனால், "ஒரே ஒரு ஸ்கூட்டர் சார், பழசு, சொந்த உபயோகத்துக்கு" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இந்திய அரசாங்கமே நிமிர்ந்து உட்காரும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் பிள்ளைச்சாவடியில் ஒரு மாமா இருக்கிறார். பெயர் வேண்டாம், தெருவுக்கே மாமா. முப்பது வருஷத்துக்கு மேல் பாரிஸ் பக்கத்தில் வேலை பார்த்தவர். போன வருஷம், இனிமேல் ஊரோடு வந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டு எனக்கு போன் போட்டார்.

"தம்பி, நீ பி.காம். தானே? இந்த ஏற்றுமதி இறக்குமதியெல்லாம் படிச்சிருப்பியே. என்கிட்ட ஒரு பெஜோ ஸ்கூட்டர் இருக்கு. 98 மாடல். அதையும் கூட்டிக்கிட்டு வரணும்."

'கூட்டிக்கிட்டு' என்றார், கவனிச்சீங்களா? 'எடுத்துக்கிட்டு' இல்லை. அத்தை இறந்து ரெண்டு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை தோறும் மார்க்கெட்டுக்கு அந்த வண்டியின் பின் சீட்டில்தான் போய் வந்துகொண்டிருந்தார். மாமா அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

நான் சட்டத்தைப் புரட்டினேன். முதல் அடி முதல் பக்கத்திலேயே விழுந்தது. 1962-ம் வருஷத்திய சுங்கச் சட்டம், இரண்டாவது பிரிவில் 'லக்கேஜ்' என்றால் என்ன என்று விளக்குகிறது. பின்னால் தனியாக வரும் பெட்டிகளும் லக்கேஜில் சேரும். மோட்டார் வண்டி சேராது. தீர்ந்தது. நீங்கள் அதைப் பெட்டியில் போட்டுக் கட்டினாலும், கழற்றிக் கைப்பையில் வைத்தாலும், 'என் உடைமை' என்கிற கதை செல்லாது. அது இறக்குமதி. நீங்கள் இறக்குமதியாளர்!

"சரி, இறக்குமதியாளராவே இருந்துட்டுப் போறேன்" என்றார் மாமா. பெரிய மனசு.

அடுத்தது, வண்டியின் வயசு. பழைய வண்டி என்றால் தயாரான தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மாமா வண்டிக்கு இருபத்தஞ்சு தாண்டிவிட்டது. ரொம்பப் பழசான 'விண்டேஜ்' வண்டிகளுக்குத் தனி வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் 98-ல் பிறந்த ஸ்கூட்டர் அந்த வரிசையில் நிற்க இன்னும் நரைக்க வேண்டும். குழந்தைக்கும் சலுகை, கிழவருக்கும் சலுகை, நடு வயசுக்காரனைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. முப்பதைத் தாண்டிய எனக்கு இது புதுச் செய்தி இல்லை.

சரி, மூன்று வயசுக்கு உட்பட்ட வண்டியாகவே இருந்தால்? அப்பவும் சும்மா இல்லை. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும் என்று ஒரு நிபந்தனை. ஸ்கூட்டருக்கு ஏதய்யா வலது பக்க ஸ்டியரிங் என்று நான் பதறினேன். நல்லவேளை, இரண்டு சக்கரத்துக்கும் மூன்று சக்கரத்துக்கும் இது பொருந்தாது என்று பிராக்கெட் போட்டிருந்தார்கள். எழுதிய அதிகாரி கட்டாயம் ஸ்கூட்டரில் ஆபீஸ் போனவராக இருப்பார். வாழ்க!

அப்புறம், பழைய வண்டி மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் நாட்டுக்குள் வர வேண்டும். பிள்ளைச்சாவடியிலிருந்து சென்னை, கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் ஒரு தூக்கத்தில் வந்துவிடும். ஆனால் வண்டி அரபிக்கடல் பக்கம் இறங்கி, நாட்டையே குறுக்கே கடந்து, வங்காள விரிகுடாவைப் பார்க்க வர வேண்டும்.

இப்போது என் பி.காம். வேலை செய்யும் இடம். சுங்கத் தீர்வையை வண்டியின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. விலை, இன்ஷூரன்ஸ், கப்பல் கூலி மூன்றையும் கூட்டி, அந்தத் தொகைக்குப் போடுவார்கள். வண்டி முப்பதாயிரம், அதைக் கட்டையடித்துக் கப்பலேற்றும் செலவு அறுபதாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்வை தொண்ணூறாயிரத்துக்கு. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அதாவது நீங்கள் கட்டுகிற வரியில் மூன்றில் இரண்டு பங்கு கப்பலுக்கு. ஸ்கூட்டருக்கு ஒரு பங்குதான். 'முப்பதாயிரம்தான் சார் பெறும்' என்று நீங்கள் சொல்வதை அவர்கள் அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிற கட்டாயமும் கிடையாது.

இத்தனையும் தாண்டினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ். 2020 ஏப்ரலிலிருந்து இங்கே பாரத் ஸ்டேஜ் ஆறு புகை விதி. மாமாவின் பெஜோ விடும் புகை எந்த ஸ்டேஜில் சேரும் என்று நான் கேட்கவில்லை. நாகரிகம் கருதி.

"தம்பி, 'கார்னே'ன்னு ஒண்ணு இருக்காமே?" என்றார். பிரெஞ்சு தெரிந்தவர், விடுவாரா? இருக்கிறது. உலகம் சுற்றுகிற பைக்காரர்கள் வைத்திருப்பது. ஆட்டோமொபைல் சங்கம் ஜாமீன் நிற்கும். தீர்வை கட்டாமல் எல்லை தாண்டலாம். ஆனால் குறித்த காலத்தில் வண்டி திரும்பிப் போய்விட வேண்டும். தலை தீபாவளி மாப்பிள்ளை மாதிரி வந்தோமா, சாப்பிட்டோமா, கிளம்பினோமா என்று இருக்கணும். வீட்டோடு தங்குகிற ஆசை கூடாது. நேபாளத்துக்கு நம்ம வண்டியில் போகிறவர்கள் எல்லையில் 'பன்சார்' என்று நாள் கணக்கில் கட்டுகிறார்களே, அதுவும் இதே சங்கதிதான். விருந்தாளிக்கு வாசல் திறக்கும், குடித்தனக்காரனுக்குத் திறக்காது.

அரசாங்கத்தையே திட்டிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. பழைய வண்டிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டால் மேல்நாட்டுக் கழிசல் எல்லாம் இங்கே வந்து குவியும். இங்கே வண்டி செய்கிறவன் வாயில் மண். டாலர் வெளியே போகிற கவலை வேறு. இலங்கையைப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வண்டிகளுக்குக் கதவு திறந்தது 2025 பிப்ரவரியில்தான். நம் நாட்டிலும் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு. அப்போது அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் அதே பஜாஜ் க்யூவில் நிற்காமல் வந்தது. பூனாவில் செய்த வண்டிக்கு டாலர் கொடுத்தால் மரியாதை. சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணத்துக்குள், பின் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுத ஒரு கட்டம் இல்லை. 'சொந்த உபயோகம்' என்று பாரத்தில் இருப்பது வேறு, மாமா சொல்வது வேறு.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லை என்றால் என்ன என்று எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புதுச்சேரி டவுனிலிருந்து பிள்ளைச்சாவடிக்கு வரணும் என்றால் நடுவில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் தாண்டணும். அது தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அந்தத் துண்டு இந்தியா. இந்தப் பக்கம் பிரான்ஸ், அந்தப் பக்கமும் பிரான்ஸ். 1941-ல் போட்ட சுங்க ஒப்பந்தம் இருந்த வரைக்கும் சமாளித்தார்கள். 1949 ஏப்ரல் முதல் தேதியோடு அது முடிந்து, இந்தியா சுற்றிலும் சுங்க வேலி போட்டது. வெளியில் புதுச்சேரி வழியாகத் தங்கமும் வைரமும் கடத்துகிறார்கள் என்று புகார்; உள்ளே இருக்கிறவன் மாமியார் வீட்டுக்குப் போக பிரான்ஸிலிருந்து கிளம்பி, இந்தியாவைக் கடந்து, மறுபடி பிரான்ஸுக்குள் நுழையணும். சீர்வரிசைத் தட்டுக்கு அவன் என்ன கணக்குச் சொல்லியிருப்பான்!

1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் ஓட்டெடுப்பு. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கை மாறியது. வேலியும் போனது. சட்டப்படி முழுசாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். மோட்டார் வண்டி லக்கேஜ் இல்லை என்று சொல்லும் அந்தச் சுங்கச் சட்டம் பிறந்ததும் அதே வருஷம் டிசம்பரில். ஒரு வாசல் திறந்த வருஷம் இன்னொரு வாசலுக்குப் பூட்டு செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாவியைக் கொண்டு வரலாமா?" என்றார்.

"தாராளமா, மாமா."

"அவ ஹெல்மெட்டு?"

"அது லக்கேஜ்தான், மாமா. சட்டப்படி."

வண்டியை அங்கேயே தங்கச்சி பையனுக்கு 'கார்த் கிரீஸ்' மாற்றிக் கொடுத்துவிட்டு மாமா வந்து சேர்ந்தார். இங்கே வந்து ஒரு ஸ்கூட்டர் வாங்கினார், பி.ஒய். நம்பர். அதில் டவுனுக்குப் போய்த் திரும்பும்போது போகையில் ஒரு தடவை, வருகையில் ஒரு தடவை தமிழ்நாட்டைக் கடக்கிறார். வண்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வண்டியின் டிக்கியைப் பற்றித்தான் கேட்பார்கள். புதுச்சேரியிலிருந்து கிளம்பும் டிக்கிக்கு அப்படி ஒரு கீர்த்தி.

போன வாரம் பின் சீட்டில் நான் இருந்தேன். வழியில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். "சீட்டைத் திறங்க பெரியவரே." நான் இறங்கிக்கொண்டேன். மாமா திறந்தார். பாட்டில் இல்லை. சிவப்புக் கலரில் ஒரு பழைய ஹெல்மெட்.

போலீஸ்காரர் மாமா தலையைப் பார்த்தார். ஹெல்மெட் இருந்தது. என் தலையைப் பார்த்தார். இருந்தது.

"ரெண்டு பேருக்குத்தான் சார் இந்த வண்டி. மூணாவது ஹெல்மெட் எதுக்கு?"

"சொந்த உபயோகத்துக்கு" என்றார் மாமா.

அவர் தீர்வை எதுவும் கேட்கவில்லை. போகச் சொல்லிவிட்டார்.