கொடை அல்ல, கூலி

என் அம்மா கோவையில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். அடுக்களைச் சுவரில் தொங்கும் காலண்டரில், கூடுதல் நேரம் வேலை பார்த்த நாள்களில் ‘ஓ.டி.’ என்று எழுதி எத்தனை மணி நேரம் என்றும் குறித்துவைப்பார். சம்பள நாளன்று சீட்டையும் காலண்டரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு மணி நேரம் குறைந்தாலும் மறுநாள் சூப்பர்வைசர் முன் போய் நிற்பார்.

முனைவர் பட்டம் பெற்ற நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஏறக்குறைய எட்டு வருஷம் தமிழ் கற்பித்தேன். ஒரு நாள்கூட என் மணிக்கணக்கைக் குறித்துவைத்ததில்லை. படித்தவள் அப்படிக் கணக்குப் பார்ப்பது கேவலம் என்று நினைத்திருந்தேன்.

வகுப்புகளைத் தவிர என்ன செய்தேன் என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன். நாக் குழு வருவதற்கு முன் மூன்று மாதம், இரவு எட்டரை ஒன்பது மணிவரை கோப்புகள் தயாரித்தேன். மே மாத வெயிலில் ஊர் ஊராகப் போய் மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடித்தேன். விழா என்றால் கோலம் போடவும் தாம்பாளம் ஏந்தவும் பெண் ஆசிரியர்களைத்தான் அழைப்பார்கள்; அதற்காக விடியற்காலையில் போய் நின்றேன். தனியாக ஒரு ரூபாய் கிடையாது. கேட்டால், “இது வேலையா மேடம், சேவை அல்லவா?” என்பார் முதல்வர்.

2022 ஏப்ரலில் விலகினேன். தொகுப்பூதியம் 22,000 ரூபாய். முறையான முன்னறிவிப்பு தரவில்லை என்று சொல்லிக் கடைசி மாதச் சம்பளத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டார்கள். என் அசல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் இருந்தன. ‘நிர்வாகம் எனக்குத் தரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை’ என்று தட்டச்சு செய்த தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். புதிய கல்லூரியில் ஒரு வாரத்துக்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும். மேடையேறிப் பெண் விடுதலைக் கவிதை வாசிக்கிற நான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: “ராத்திரி ராத்திரி வந்தியே கண்ணு, அதுக்கெல்லாம் ஓ.டி. குடுத்தாங்களா?”

அம்மாவுக்கு 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் இருந்தது. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி. எனக்கு என்ன இருக்கிறது என்று வழக்கறிஞராக இருக்கும் தோழியிடம் கேட்டேன். அவள் 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைப் படிக்கக் கொடுத்தாள். கோவாவில் பள்ளி வேலையிலிருந்து நீக்கப்பட்ட சுந்தராம்பாள் என்ற ஆசிரியை, தானும் தொழிலாளிதான் என்று வழக்காடியிருக்கிறார். நீதிமன்றம் ஏற்கவில்லை. கற்பித்தல் மேலான பணி, ஆசிரியர் எழுத்தர் வேலை செய்தாலும் அது துணை வேலைதான், எனவே தொழில் தகராறுச் சட்டப்படி அவர் தொழிலாளி அல்லர் என்று முடித்துவிட்டது. மூன்று மாதம் நான் அடுக்கிய கோப்புகள் கண்முன் வந்தன. மேலானவள் என்று சொல்லியே வாசற்கதவை அடைத்திருக்கிறார்கள்.

பணிக்கொடையிலும் இதுவே நடந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் ஆசிரியர் வரமாட்டார் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்தே ஆசிரியருக்கும் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்து வழக்காடி, 2022 ஆகஸ்டில் தோற்றன.

அந்த ஒரு கதவுதான் எனக்குத் திறந்திருந்தது. கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய வருஷங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு வருஷமாகக் கணக்காகும் என்பதால் எனக்கு எட்டு வருஷம், 1,01,538 ரூபாய். கல்லூரிக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்பினேன். பதில் இல்லை. தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனேன். விசாரணையில் நான் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார்கள். எந்த ஒப்பந்தத்தாலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது என்று சட்டத்திலேயே இருந்தது. பணம் வட்டியோடு வந்தது.

கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. அதற்கு அப்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 22,000 ரூபாய்க்கு எத்தனை வாய்தா நடப்பது? கூடுதல் நேரத்துக்கும் எதுவும் வரவில்லை. கேட்க அப்போது சட்டமும் இருக்கவில்லை, காட்ட என்னிடம் ஒரு குறிப்பும் இருக்கவில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் இந்தச் சொற்கள் உறுத்துகின்றன. உழைத்துச் சேர்த்த பணத்துக்குப் பணிக்கொடை என்று பெயர். கொடுப்பவர் வள்ளல், வாங்குபவள் இரவலர். அரசுக் கல்லூரிகளில் குறைந்த சம்பளத்துக்கு உழைப்பவர் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் என்று சொல்லத் தகாத தொகைக்கு மதிப்பூதியம் என்று பெயர். பணத்தைக் குறைக்கிற இடத்திலெல்லாம் மரியாதையைக் கூட்டியிருக்கிறார்கள். நாமும் அதை வாங்கிக்கொள்கிறோம். கூலி என்ற சொல் நம் வாயில் வராது. அது வயலிலும் ஆலையிலும் நம் அம்மாக்கள் வாங்கியது. அதிலிருந்து தப்பிக்கத்தானே படித்தோம் என்ற எண்ணம். வீட்டில் செய்கிற வேலையை அன்பு என்று சொல்லிக் கணக்குப் பார்க்காமலிருக்கப் பழகிய நமக்கு, கல்லூரியில் அதையே சேவை என்று சொன்னால் போதுமாக இருக்கிறது.

கற்பித்தலை மணிக்கணக்கில் அளக்கலாமா என்று கேட்பார்கள். வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவியின் கேள்விக்கு நின்று பதில் சொன்ன நேரத்தை நான் கேட்கவில்லை. அது எனக்கும் அவளுக்கும் உள்ள சங்கதி. கோப்பு அடுக்கிய நேரத்தையும் ஆள் பிடித்த நேரத்தையும் கேட்கிறேன். அந்தக் கோப்பால் கல்லூரி தரம் வாங்கியது. நான் பிடித்த ஆளிடம் கட்டணம் வாங்கியது.

இதைப் படிக்கும் மாணவிகளில் பலர் நாளை ஆசிரியராவீர்கள். முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வையுங்கள். வந்த நேரம், போன நேரம், கூடுதல் வேலை என்ன, யார் சொன்னார்கள் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவுகளை அழிக்காதீர்கள். அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். என்னைப்போல் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். அப்புறம் சேர்ந்து கேளுங்கள்: தொழிலாளி என்ற சட்டச் சொல்லுக்குள் ஆசிரியரும் வரவேண்டும். பணிக்கொடைக்காக 2009இல் ஒரு சட்டத்தைத் திருத்த முடிந்தது. கூலிக்காக இன்னொன்றையும் திருத்தலாம்.

இப்போது என் மேசையிலும் ஒரு காலண்டர் இருக்கிறது. போன மாதம் அதில் 31 மணி நேரம் ஓ.டி. சக ஆசிரியைகளிடம் காட்டினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி மறுநாள் தன் காலண்டரைக் கொண்டுவந்தாள்.